எரியாத கட்சிக்கு ஆள் கிடைத்துவிட்டது

பாசத்துக்கும் வம்புக்கும் உரிய சம்பந்தி,

நீங்கள் இருக்கும் இடத்தில் காப்பி கிடைக்கிறதா? இங்கே எல்லோரும் சுகம். உங்கள் மகனும் என் மகளும் மாதம் ஒரு தடவை சண்டை போட்டு, மறுநாளே ஜீப்பில் அடிவாரத்துப் போடிக்கு இறங்கி, பரோட்டா தின்று சமாதானமாகிறார்கள். பேத்திக்கு உங்கள் மூக்கு. என்ன செய்வது, பழகிக்கொண்டோம்.

முக்கியமான சேதி வேறு. போன ஞாயிற்றுக்கிழமை தீவுக்காரர் விழா நடந்தது. உங்கள் சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்து, இந்த ஏலமலையில் ஒதுங்கிய உங்கள் குடும்பங்கள் வருடத்துக்கு ஒரு நாள் தோட்டத் தொழிலாளர் லயத்து மைதானத்தில் கூடுமே, அதேதான். காலையில் தப்பாட்டம். மதியம் தேங்காய் ரொட்டியும் சம்பலும். ராசிங்காபுரத்திலிருந்து ரொட்டிக்காகவே ஒரு ஜீப் நிறைய ஆள் வந்திருந்தது. சாப்பாட்டுக்கு அப்புறம், உங்களுக்குப் பிடித்த காமன் வாதம்.

சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் மன்மதன் எரிந்து சாம்பலானான் என்று ஒரு கட்சி. எரியவே இல்லை, ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி உலவுகிறான் என்று இன்னொரு கட்சி. பாட்டும் பேச்சுமாக மல்லுக்கு நிற்க வேண்டும். நீங்கள் எப்போதும் எரியாத கட்சி. பிள்ளைகள் கல்யாணம் முடிந்த வருடம், வாய் நிறைய ரொட்டியோடு "எரிஞ்சது எரிஞ்சதுதானே" என்று சொல்லப்போய் எதிர்க்கட்சியில் மாட்டிக்கொண்டவன் நான். சிலமலை ஊர்க்காரனான எனக்குத் தீவும் தெரியாது, கப்பலும் தெரியாது. வாய் மட்டும் உண்டு. எட்டு வருடம் அதை வைத்தே ஓட்டினேன்.

நீங்கள் போய் ஏழு மாதம். விழாவுக்குப் பத்து நாள் முன்னால் உங்கள் வீட்டில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, சங்கச் செயலாளர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, எரியாத கட்சிக்கு ஆளே இல்லண்ணே. இந்த வருசம் வாதத்த விட்டுட்டு ஆர்க்கெஸ்ட்ரா வச்சிருவமா?"

எனக்கு அப்பாடா என்றிருந்தது, சம்பந்தி. உங்களுக்குக் கொள்ளி வைத்தபோது பக்கத்தில் நின்றவன் நான். மேடையேறி "எரிந்தான்" என்று எந்த வாயால் பாடுவேன்? சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த உங்கள் வீட்டம்மா, எனக்குத் தங்கச்சி முறை, கத்தியோடு வெளியே வந்துவிட்டார்.

"ஆளு இல்லைன்னு யாரு சொன்னா? அவுக கட்சிக்கு நான் பேசுறேன்."

செயலாளர் கத்தியைப் பார்த்தார். உடனே சம்மதித்தார்.

எனக்குத்தான் தூக்கம் போனது. உங்களை இழந்தவரின் முகத்துக்கு நேரே எரிந்தான் என்று எப்படிச் சொல்வது? விழாவன்று காலையில் வயிற்றுவலி என்று படுத்துப் பார்த்தேன். அழைத்துப் போக வந்திருந்த என் மகள் ஓமத்தண்ணீர் கொடுத்து, வெரசாக ஜீப்பில் ஏற்றிவிட்டாள்.

மேடையில் ஏறியதும் என் வீரம் இறங்கிவிட்டது. "மன்மதன் லேசாகக் கருகினான்" என்று இழுத்துப் பாடினேன். தங்கச்சி கையைக் காட்டித் தப்படிப்பை நிறுத்தினார்.

"என்னண்ணே இது? லேசாக் கருகுறதுக்கு அவன் என்ன அப்பளமா? எங்க வீட்டுக்காரரு நின்னா இப்பிடித்தான் பேசுவீகளா? பாவம்னு தயவு பாத்தீக, எந்திரிச்சுப் போயிருவேன். ஆமா!"

வேறு வழி? கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினேன். "எரிஞ்சான்! எலும்பு மிஞ்சல! சாம்பல நானே கண்ணால பாத்தேன்!"

சொன்ன பிறகுதான் எந்தச் சாம்பலைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"சாம்பலப் பாத்தீக, சரி," என்றார் தங்கச்சி, நிதானமாக. "ஆளப் பாத்தீகளா? ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவான்னு வரம். ஒங்களுக்குத் தெரியலைன்னா அதுக்கு நான் என்ன செய்ய? கட்டில்ல ஈரத்துண்டப் போடாதீகன்னு இன்னைக்குக் காலையில கூட அவுகள ஏசிட்டுத்தான் வந்திருக்கேன். இல்லாத ஆளையா ஒருத்தி தெனமும் ஏசுவா?"

மைதானமே எழுந்துவிட்டது. தப்பு அதிர்ந்தது. முன்வரிசையில் விசிலடித்தது யார் என்று பார்த்தால், என் பெண்டாட்டி! நடுவர் தீர்ப்புச் சொல்லக்கூட எழுந்திருக்கவில்லை. எழுந்து நின்ற கூட்டத்தைக் கையால் காட்டிவிட்டு ரொட்டி தின்பதைத் தொடர்ந்தார்.

இறங்கும்போது தங்கச்சி சொன்னார்: "அடுத்த வருசம் நல்லாத் தயார் பண்ணிட்டு வாங்கண்ணே. இந்தப் பேச்சு பத்தாது." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். ஏழு மாதத்தில் அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். நீங்களும் கேட்டீர்களா? எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்?

பேசாமல் கட்சி மாறிவிடு என்று இங்கே சிலர் எனக்கு யோசனை சொல்கிறார்கள். மாற மாட்டேன், சம்பந்தி. நீங்கள் எரியவில்லை என்று தங்கச்சி சபையில் நிரூபிக்க வேண்டுமானால், எரிந்தீர்கள் என்று எதிரே நின்று கத்த ஒருவன் வேண்டும். தயவு காட்டாமல் கத்த வேண்டும். பல் இருக்கும் வரை அந்தச் சோலியை நான் பார்த்துக்கொள்கிறேன். வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துவேன், வருடா வருடம் தோற்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்து, இன்னும் வருத்தப்படாத சம்பந்தி