மேலாளர் தலையில் விழுந்த திரைச்சீலை

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே பட்டறையில் திரைச்சீலைக்கு முதன்முதலாகப் பித்தளை வளையம் பதித்தேன். மாட்டிப் பார்த்ததும் வளையங்கள் பிய்த்துக்கொண்டு, சீலை மேலாளர் தலையிலேயே விழுந்தது. பக்கத்து மேசைக்காரி சிரித்து ஓய்ந்தபின், "வளையம் அளவுக்கே ஓட்டை போட்டா துணி எதைப் பிடிக்கும்? கொஞ்சம் சின்னதா வெட்டுடி" என்றாள். அவளே வெட்டி, வளையத்தைத் திணித்து, பின்பக்கம் வாஷர் வைத்துச் சுத்தியலால் ஒரே அடி. நான் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன், அசையவில்லை. என்ன கை அம்மா அது.

மிச்சத் துணியில் நம் வீட்டு ஜன்னலுக்கு ஒன்று தைக்கிறேன். அதன் அகலம் தெரிய வேண்டும். டேப்பைத் தேடி அலையாதே, எத்தனை சாண் என்று எழுது, போதும். உன் கையின் அளவு எனக்குத் தெரியும்.

மணி அடித்துவிட்டது.

உன் மகள்