இரண்டாவது மாத்திரை

மார்ச் 4

டாக்டர் தம்பிக்கு,

நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன. பதினோரு வருடம் கழித்து எழுதுகிறேன் என்று உருகிவிடாதே. எனக்கு இடது கழுத்து ரத்தக்குழாயில் எண்பது சதவீதம் அடைப்பாம். ஸ்கேன் படத்தைப் பார்த்த எங்கள் பம்ப் ஆபரேட்டர், "சார், நம்ம பழைய பைப் லைன் மாதிரியே இருக்கு, மாத்திடலாமா?" என்கிறான்.

இருபத்தாறு வருடமாகக் குடிநீர் நிலையத்தில் என்ஜினியராக இருப்பவனுக்கு இது புரியாதா? ரத்தக்குழாயின் உள்விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். பிறகு அழுத்தம்தான் துணை. அப்பாவுக்கும் இதே அடைப்பு. நீ மாத்திரை எழுதி அழுத்தத்தைக் குறைத்தாய். மூளைக்கு ரத்தம் ஏறவில்லை. பேச்சு போய், இருபதாம் நாள் அவரும் போனார்.

எனக்கும் அதே மாத்திரை எழுதியிருக்கிறார்கள். சாப்பிடலாமா? அதை மட்டும் சொல்.

அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் நின்றபடியே இரண்டு தடவை படித்துவிட்டேன்.

காலையில் ஒன்று சாப்பிடு. பயமில்லை. அழுத்தம் மெதுவாகக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். திடீரென்று சரிந்தால்தான் ஆபத்து. பிரஷர் கருவி எவ்வளவு காட்டினாலும் நீயாக இன்னொன்று போட்டுக்கொள்ளாதே.

இங்கே வந்துவிடு. அடைப்பை நானே எடுக்கிறேன். மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். "அவர் குறட்டைக்கு மாடிதான் சரி" என்கிறாள் என் மனைவி. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

என்றும் உன் தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

'நீயாக இன்னொன்று' என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் உனக்குத் தெரியும். அம்மா சொல்லியிருப்பாள்: "பெரியவன் பயந்துபோய்க் குடுத்துட்டான்டா. அவன்கிட்ட கேட்டுடாதே."

அன்று மத்தியானம் கருவி இருநூற்றுப் பத்து காட்டியது. ஏதாவது வெடித்துவிடும் என்று நினைத்தேன். உன்னைக் கூப்பிட்டுக் கேட்க எனக்குக் கௌரவம். அப்பா, "காலையிலயே போட்டேனேடா" என்றார். "சும்மா முழுங்குங்க" என்றேன். சாயந்திரம் அவருக்குப் பேச்சில்லை.

இழவு வீட்டில் எல்லார் முன்னாலும் உன்னைக் கொலைகாரன் என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய். எல்லாம் தெரிந்தே நின்றிருக்கிறாய். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் அன்றே உன் காலில் விழுந்திருப்பேன். உன் பெருந்தன்மையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வரமாட்டேன். வியாழக்கிழமை இங்கேயே அறுவை. நீயும் வராதே. நெருங்கிய உறவு யாரென்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். யாருமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணன்