பெயரில்லாமல் போன எட்டுக் குதிரைகள்

1984 ஆகஸ்ட் 12, ஞாயிறு. காலை ஏழு மணி பத்து நிமிடம். எண்ணிக்கை: ஒன்பது.

அக்கா, ஒன்பதாவது குதிரையை இப்போதுதான் அச்சிலிருந்து உரித்தேன். நீ கண்ணை மூடிய பிறகு ஊற்றிய முதல் குதிரை. வீடு முழுக்க அச்சில் ஊற்றிய ரெசின் பிசினின் நாற்றம். "மூக்கு எரியுது, கதவத் தொறடா" என்று கத்த ஆளில்லை. நானே திறந்தேன்.

குதிரை நிற்கிறது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலில், முட்டு இல்லாமல்.

இந்த மலேசியத் தேயிலைத் தோட்டத்தில் ஏது குதிரை? நீ பார்த்தது துரை பங்களாவில் கழித்துப்போட்ட காலண்டர் படம் ஒன்றுதான். லிப்பிசானர், ஐரோப்பிய அரண்மனைகளில் வளர்த்த இனம். வளைந்த தடிக்கழுத்து, குட்டை முதுகு. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து அதை மெழுகில் செய்தாய். கங்காணி எட்டிப் பார்த்து, "என்னம்மா, பன்னிக்குக் கால நீட்டி விட்டுட்டியா?" என்றார்.

"உங்க கழுத்தப் பாத்துதான் செஞ்சேன் மாமா."

நான் ஈப்போவில் தொழிற்பயிற்சி முடித்து வந்த திமிரில் இருந்தேன். "வெயிட்டெல்லாம் முன்னால இருக்குக்கா. விழுந்துரும் லா. வயித்துக்கு அடியில ஒரு குச்சி வை."

"சர்டிபிகேட் வாங்குனவரே, இதத் தூக்குங்க" என்று மறுநாள் கொழுந்துக் கூடையை என் முதுகில் மாட்டி, மேட்டில் ஏறவிட்டாய். பத்தடியில் என் முழங்கால் மடங்கியது.

"பாரம் எங்கடா எறங்குது?"

"தொடையில" என்று முனகினேன்.

"குதிரைக்கும் அங்கதான்."

அன்று மாலை பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் தள்ளி வைத்தாய். நின்றது. அதன் மேல் ரப்பர் பாலைப் பூசி அச்செடுத்தேன்.

அந்த அச்சில் ரெசின் ஊற்றி எட்டு விற்றோம். ஈப்போ கடைக்காரர் சொன்னது நினைவிருக்கிறதா? "கொழுந்து பறிக்கிற பொம்பள செஞ்சதுன்னா எவன் வாங்குவான்? பேரு வேணாம் தம்பி. வெளிநாட்டுச் சரக்குன்னு வைக்கிறேன்."

"குதிரை நிக்குதுல்ல, போதும்" என்றாய் நீ. எனக்குப் போதவில்லை. ஆனாலும் பேசவில்லை. அடுத்த ஆர்டர் போய்விடும் என்று பயந்தேன்.

நேற்று அவர் கடிதம் வந்தது. இன்னும் ஆறு வேண்டுமாம். பெயர் இல்லாமல்.

நான் படித்து வந்த கணக்கு தப்பு, நாலாம் வகுப்போடு நின்ற உன் கண் சரி. என் அக்கா செய்தது என்று சொல்ல இனி எவனிடமும் அனுமதி கேட்கப் போவதில்லை. செய்ய வேண்டியவை:

1. கடைக்காரருக்கு ஒரு வரி எழுதுவது: பெயரோடு என்றால் ஆறு, இல்லையென்றால் ஒன்றும் இல்லை.

2. உன் மெழுகுக் குதிரையின் வயிற்றில் உன் முழுப் பெயரையும் தமிழில் கொத்தி, அச்சைப் புதிதாக எடுப்பது.

3. விற்ற எட்டில் மூன்று இருக்கும் வீடுகள் தெரியும். போய்க் கதவைத் தட்டுவேன். வீட்டுக்காரர் முன்னாலேயே குதிரையைக் கவிழ்த்து, உன் பெயரைக் கொத்திவிட்டுத்தான் திரும்புவேன். பிறகு மற்ற ஐந்து.