முதல் கையெழுத்து

12-11-64, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஈரத் துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே. சுரங்க டவுன்ஷிப் லைப்ரரியில் நன்கொடையாக வந்த அமெரிக்கப் புத்தகங்களுக்கு எண் போடும் வேலை. தூசி எனக்கு, தும்மல் லைப்ரரியனுக்கு.

அதில் ஒன்று: போன நூற்றாண்டில் செரோக்கி, சாக்டா என்ற செவ்விந்திய ஜனங்களின் தலைவர்கள் எழுதிய கடிதங்கள். எங்கள் நிலத்தை எடுக்காதீர்கள் என்று வாஷிங்டனுக்கு. என்ன மரியாதை, என்ன இங்கிலீஷ்! எண் போடாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

வாங்க: மண்ணெண்ணெய், புளி, வீட்டுக்காரர் பூட்ஸுக்கு லேஸ்.

15-11, ஞாயிறு

கம்மாபுரம் பஸ்ஸில் பிறந்த ஊருக்கு. ஒரே சேறு. சுரங்கத்துக்கு எங்கள் ஊரையும் எடுக்கப் போவதாகப் பேச்சு. அய்யனார் கோயிலில் கூட்டம். தம்பி வேலுதான் முன்னால் நின்று எல்லாம் செய்கிறான். "எங்க அக்கா என்னமோ படிச்சிக்கினு வந்திருக்கு, கேளுங்க" என்று என்னை எழுப்பி விட்டான்.

சொன்னேன். செரோக்கித் தலைவருக்கு எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ஜனங்களைக் கேட்காமல் சில பேர் மட்டும் தனியாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதைக் காட்டியே சர்க்காரில் அத்தனை பேரையும் நிலத்தை விட்டுக் கிளப்பினார்கள். வழியெல்லாம் சாவு. சாக்டாக்காரர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது அமெரிக்க ஜனங்களுக்கே விடைபெற்றுக் கடிதம் எழுதினார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: "போட்டவனுங்கள என்னா பண்ணாங்க?"

"பிற்பாடு அவங்க ஜனங்களே கொன்னுட்டாங்க."

பின்னால் நின்றவர்கள் கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பிறகு யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம். வேலு முதலில், நானும் அணைத்தேன். உள்ளங்கை இன்னும் எரிகிறது. வீட்டுக்காரர் வரவில்லை. சுரங்கத்தில் ஷிப்ட்.

17-11, செவ்வாய்

அவர் அல்வாவோடு வந்தார். அல்வா என்றாலே எனக்குச் சந்தேகம்.

"கொல்லையைச் சுரங்கத்துக்குக் குடுக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டுட்டேன். நிலம் குடுத்தா சீக்கிரம் பர்மனென்ட் ஆயிடலாமாம். புரோக்கர் சொன்னான்."

கல்யாணத்தில் அப்பா அவர் பேருக்கு எழுதி வைத்த, எங்கள் ஊர் முந்திரிக் கொல்லை. எத்தனை வருஷமாகக் காண்ட்ராக்டிலேயே கிடக்கிறார், அவர் ஆசையும் புரிகிறது.

"வேற யாரெல்லாம் போட்டாங்க?"

"நான்தான் மொதல்."

சத்தியத்தைச் சொன்னேன். கூட்டத்தில் நான் சொன்ன கதையையும் சொன்னேன். சிரிக்கிறார். "புஸ்தகத்தைப் படிச்சிட்டுப் பயப்படறியா?"

ஆமாம், பயம்தான். இந்த ஒரு கையெழுத்தைக் காட்டி ஊரையே கிளப்புவார்களோ என்று ஒரு பயம். இவரை என்ன செய்வார்களோ என்பது அதைவிடப் பெரிய பயம். அந்தக் கடைசிப் பகுதியை அவ்வளவு ருசித்துச் சொல்லியிருக்க வேண்டாம். பாவி வாய்.

18-11, புதன்

மழை விட்டிருக்கிறது. கும்பகோணத்தில் அவர் அம்மா வீட்டுக்குப் போய் இருங்கள் என்று கெஞ்சினேன். லீவு போட்டால் பர்மனென்ட் போய்விடுமாம். லைப்ரரியில் அந்தப் புத்தகத்துக்கு எண் போட்டு அலமாரியில் கடைசித் தட்டில் செருகினேன். அதனால் என்ன ஆகப்போகிறது?

தயிர்க்காரி எங்கள் ஊர்தான். "ஊரு பூரா தெரிஞ்சி போச்சிங்க. உங்க தம்பி மட்டும் வாயத் தொறக்கல. சும்மா குந்திக்கினு இருக்காரு."

வேலு கத்தினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம்.

சாயங்காலம் வந்துவிட்டான், தனியாக. அக்கா வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமாவது இல்லாமல் வரமாட்டான். இன்று வெறுங்கை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

"மாமா எங்கக்கா?"

"செகண்ட் ஷிப்ட்."

பொய். குளிக்கிறார். குழாய்ச் சத்தம் அவனுக்கும் கேட்கிறது. அந்தப் பக்கம் திரும்பவே இல்லை அவன். தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் கடுதாசிக் கதையில, கையெழுத்துப் போட்டவனுக்குப் பொண்டாட்டி இருந்தாளா?"

"தெரியலடா. நான் படிச்ச வரைக்கும் இல்ல."

"அவளுக்குத் தம்பி எவனாவது இருந்தானாக்கா?"

காபி போடுகிறேன் என்று சமையலறைக்கு வந்து இதைக் கிறுக்குகிறேன். கூடத்தில் அவன் எழுந்து நடக்கிறான். குழாய் நின்றுவிட்டது.