ஏழாவது ஆட்டத்துத் தேங்காய்

அண்ணை,

இன்று துறைமுகத்து வேலை முடிந்து வரும்போது, ஒரு வளைவில் காரின் டிக்கிக்குள் அந்தத் தேங்காய் மறுபடியும் உருண்டது. ஒரு வருடமாகிறது. நிறுத்தி எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் வற்றிவிட்டது.

இத்தனை வருடம் மொன்றியலில் இருந்தும் பிரெஞ்சில் நாலு சொல் தாண்டாத நீங்கள், ஐஸ் ஹொக்கி வீரர்களின் பெயர்களை மட்டும் பிரெஞ்சுக்காரர் மெச்சும்படி சொல்வீர்கள். எங்கள் அணி விளையாடும் பெரிய ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு தேங்காய் உடைப்பீர்கள். "ஐஸிலை ஓடுறவங்களுக்கும் அவர்தான்டா காவல்" என்று சிரிப்பீர்கள்.

போன வருட இறுதித் தொடரில் இரண்டு அணிகளும் மூன்று மூன்று ஆட்டங்கள் வென்றிருந்தன; ஏழாவதில் வெல்பவருக்குத்தான் கப். நீங்களோ ஆஸ்பத்திரியில். ஏழாவது ஆட்டத்துக்கு மறுநாள் காலை உங்களுக்கு இதய ஒப்பரேசன். என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"டேய், நான் நேர்ந்திட்டன். கப் எங்களுக்கெண்டால் நான் எழும்பி வருவன். தேங்காயை நீதான் உடைக்கோணும்."

வாங்கினேன், அண்ணை. ஆனால் ரோட்டில் ஒரே நெரிசல். கோயிலுக்குத் திரும்பினால் ஆட்டத்தின் தொடக்கம் போய்விடும். பேந்து ஆறுதலாய் உடைக்கலாம் என்று நேரே உங்களிடம் வந்துவிட்டேன்.

"உடைச்சனியோ?"

"ஓம் அண்ணை."

"நல்லாச் சிதறிச்சுதோ?"

"சுக்குநூறாய்."

நீங்கள் டிவியைப் பார்த்துக் கும்பிட்டீர்கள்.

மேலதிக நேரத்தில் ஒரே ஒரு கோல். தோற்றோம். தாதிகூட எங்கள் அணியைத் திட்டினாள். நீங்கள் மட்டும் திட்டவில்லை. டிவியை நிறுத்தச் சொன்னீர்கள்.

"தேங்காயும் உடைச்சாச்சு. அப்பவும் இல்லையெண்டால், அவர் என்னை வேண்டாமெண்டிட்டார்."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஏசுவீர்களே என்று பயந்து, "இது வெறும் விளையாட்டு அண்ணை" என்றேன். சீ, நானும் ஒரு மனிசனா!

காலையில் உங்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீங்கள் திரும்பி வரவில்லை. இதயம் தாங்கவில்லை என்றார் டொக்டர். அண்ணி அதை நம்பி அழுதா. எனக்கு நம்ப வழியில்லை.

மூன்று தரம் அந்தத் தேங்காயோடு கோயில் வாசலில் போய் நின்றுவிட்டேன். கை எழும்பவில்லை. எறியவும் மனம் வரவில்லை. டிக்கியில் வைத்துக்கொண்டே திரிகிறேன்.

பிள்ளையார் உங்களை வேண்டாமென்று சொல்லவில்லை, அண்ணை. அவரிடம் யாரும் போய்க் கேட்கவேயில்லை.