டேனியலின் குரங்குகள்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். உரக்கடையில் யூரியா மூட்டைகள் மேல் தார்ப்பாய் இழுத்துப் போட்டதோடு வேலை சரி. மதியம் அம்மாவின் போன். நாளைக்கு டேனியல் வருகிறானாம், கோழி வாங்கணுமாம். நான் சீக்கிரம் வந்தால் பழைய குழம்பைச் சுட வைப்பாள்.

டேனியல், அத்தை மகன். அவனும் விலங்கியல், நானும் விலங்கியல். நான் எங்கள் ஊர் தேவாரத்தில் பூச்சிமருந்து விற்கிறேன். அவன் வெளிநாட்டு ஆய்வகத்தில் குரங்குகளின் மரபணுவை மாற்றி, அண்ணனுக்கு இருக்கும் அதே நோயோடு பிறக்க வைக்கிறான். முதலில் கால் தள்ளாடும். பிறகு நாக்கு குழறும். பிறகு படுக்கை. அண்ணனுக்கு இருபத்து நான்கில் தொடங்கியது. எனக்கு இப்போது இருபத்து மூன்று.

வந்ததும், எனக்கும் இருக்கிறதா என்று சோதிக்க என் ரத்தம் கேட்பான். போனில் கேட்டு ஓய்ந்துவிட்டான். கொடுக்க மாட்டேன். தெரிந்து என்ன செய்ய?

ஜூன் 10, செவ்வாய்

நான் செய்துவிட்ட முகச்சவரம் சரியில்லை என்று அண்ணன் மறுபடி செய்ய வைத்தான். டேனியலுக்காக. அவன் வாசலில் ஷூவைக் கழற்றுவதற்குள் "வா மாப்ள, வா" என்று கத்தல். என்னிடம் பேச மட்டும் நாக்கு புரளாது.

டேனியல் போனில் ஒரு குரங்கைக் காட்டினான். கொப்பில் நடந்தது, சாய்ந்தது, விழுந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் குறித்துக்கொண்டார். தனி அறை, பழம், கூப்பிடு தூரத்தில் டாக்டர். போன வாரம் அண்ணன் கொல்லையில் விழுந்தபோது நான் லாரியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். ஒரு குரங்கைப் பார்த்து இப்படி வயிறு எரியும் என்று நினைக்கவில்லை.

"இதுக்கு நோவு குடுக்க எம்புட்டுப் பேரு மெனக்கெட்டீக?" என்றான் அண்ணன்.

"பெரிய கூட்டம் மச்சான். வருசக்கணக்கா."

"எங்க வீட்ல ஒரே கல்யாணத்துல முடிச்சுட்டாக."

டேனியல் சிரித்தான். அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

நிலம் வெளியே போகக் கூடாதென்று அப்பா தன் அக்கா மகளையே கட்டினார். அதுதான் அம்மா. அத்தை மட்டும் போடி பஜாரில் கடை வைத்திருந்த கிறிஸ்தவரோடு போய்விட்டாள். குடும்பமே தலைமுழுகியது. சொன்னபடி கேட்டவளின் பிள்ளை தவழ்கிறான். ஓடிப்போனவளின் பிள்ளை விமானத்தில் வருகிறான்.

நிலத்தை அப்பா காலத்திலேயே விற்றாயிற்று.

ஜூன் 11, புதன்

தேனியில் ஒரு கல்லூரியில் டேனியலின் பேச்சு. அண்ணன் படம் எடுத்துவரச் சொல்லி என்னை அனுப்பினான். திரையில் இடப்பக்கம் குரங்கு நடக்கிறது. வலப்பக்கம் அண்ணன், போன தடவை டேனியல் வந்தபோது எடுத்தது. எங்கள் வீட்டு முற்றம், கொடியில் என் லுங்கி. முகத்தை மறைத்திருந்தான். அதனால் என்ன?

பின்வரிசையில் ஒருத்தன்: "ஏலே, ரெண்டும் ஒண்ணு போலல்ல நடக்குது."

சிரிப்பு. கடைசியில் கைதட்டல், சால்வை, மாலை. ஏற்பாடு செய்த பேராசிரியர் என்னை டிரைவர் என்று நினைத்து வண்டியை எடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் கொட்டினேன்.

"நாந்தான் எடுத்துக்கடான்னு சொன்னேன். கைதட்டுனாகளா?"

தட்டினார்கள் என்றேன். எந்த இடத்தில் என்று கேட்டான்.

அவனைக் குளிப்பாட்டுவது நான். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

பலத்த காற்று. கடைக்குப் போகவில்லை. டேனியலிடம் நேரடியாகக் கேட்டேன்: "கடைசில அந்தக் கொரங்க என்ன செய்வீக?"

"மூளைய எடுத்துப் பாக்கணும் மாப்ள."

"கொன்னுட்டா?"

"ஆமா." தலை குனிந்துதான் சொன்னான். கெட்டவனாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு ரத்தப் பேச்சு. குரங்கில் வேலை செய்த மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். பெங்களூரில் பெயர் பதிகிறார்கள். உத்தரவாதம் இல்லை. அண்ணனைச் சேர்க்க, அவன் ரத்தத்தோடு உடன்பிறந்தவன் ரத்தத்தையும் வைத்து ஒப்பிட வேண்டும். நாளை டேனியல் கிளம்புகிறான்.

முடியாது என்றேன். எனக்கும் இருக்கிறதென்று வந்தால் அம்மா என்ன ஆவாள் என்றேன். நல்ல சாக்கு. தினமும் எழுந்ததும் தரையில் கற்கள் சேரும் கோட்டின் மேல் நேராக நடந்து பார்ப்பவன் நான்தான்.

டேனியல் வெளியே போனதும் அண்ணன் கூப்பிட்டான்.

"இருக்குன்னு வந்துருமோன்னு ஒனக்குப் பயம். எனக்கு என்ன பயம் தெரியுமா?"

அவன் போர்வையை இழுத்துவிட்டேன்.

"ஒனக்கு இல்லன்னு வந்துரும். நீ நல்லா நடந்து திரிவ. கல்யாணம் கட்டுவ. இங்கனயே கெடந்து நான் பாக்கணும். பொறாமைலயே செத்துருவேன்லே."

இவ்வளவு நாள் அவன் பார்த்துக்கொண்டிருந்தது டேனியலை அல்ல, என்னை.

பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே: "இருந்தாலும் குடு."

ஜூன் 13, வெள்ளி

கம்பத்தில் லேப். அண்ணனைத் தூக்கிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலில் அவனுக்கு எடுத்தார்கள். அடுத்து நான் கையை நீட்டினேன். அண்ணன் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.