பெரட்டுக்கு வந்த கடிதம்

மார்ச் 4, செவ்வாய்

ஆசிரியர் உதவியாளர் வேலைக்கு என்னோடு பரீட்சை எழுதிய நிஷாந்தினிக்கு நேர்முகக் கடிதம் வந்துவிட்டது. அவள் இருப்பது ஹாலிஎல டவுனில். தபால்காரர் வாசலுக்கே வருவார். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வாசல் இருக்கிறது, இலக்கம்தான் இல்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கிளாக்கர் வீரசிங்கம் பெயர் வாசித்துக் கொடுப்பார். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் நான் பெரட்டுக்குப் போவதில்லை.

அடுத்த மாதம் எனக்கு முப்பத்தைந்து முடிகிறது. வயதெல்லையும் அதோடு சரி.

மார்ச் 6

கிளாக்கரிடம் கேட்டேன். தலையே நிமிரவில்லை. "வந்தா குடுக்காம, அவிச்சா தின்னப்போறோம்?"

கொழுந்தெடுக்கப் போகும் அம்மாவையும் கேட்டேன். "வேல கடுதாசி எதுவும் வாசிக்கல" என்றாள்.

மார்ச் 10

நேர்முகம் இன்று. கடிதமில்லாமலே பதுளைக்குப் போனேன். பட்டியலில் என் பெயர் இருக்கிறது. ஆனாலும் கடிதம் வேண்டுமாம். நாலு மணிவரை நின்றேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான்.

மார்ச் 12

வீரசிங்கம் கடிதத்தை ஒளித்துவிட்டார் என்று பிரதேச செயலகத்தில் புகார் கொடுத்தேன். லயத்துப் பிள்ளை உத்தியோகத்துக்குப் போனால் பொறுக்குமா இவர்களுக்கு? "ஆபீஸ்காரங்களோட எதுக்கு வம்பு" என்று அம்மா சாப்பிடவில்லை.

மார்ச் 20

விசாரணை. வீரசிங்கம் கடிதப் புத்தகத்தை விரித்தார். பெப்ரவரி 27. கலாராணி என்று என் பெயர். எதிரே அம்மாவின் கையெழுத்து.

"என்னைய கள்ளன்னு எழுதிட்டியே புள்ள" என்றார். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

வீட்டில் அம்மா சேலை மடிப்புக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தாள். பிரிக்கவே இல்லை. பழுப்பு உறை, மேலே அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள அச்சு. சம்பளப் போராட்டத்தில் நின்ற தம்பி கிருஷ்ணராஜுக்கு வழக்குக் கடிதம் வந்ததும் இதே மாதிரி உறையில்தான். நாலு வருசம் கோர்ட்டுக்கு அலைந்தான்.

"நீ கேட்டது வேல கடுதாசி. இது போலீசுன்னு நெனைச்சேன். ஒன் கைக்கு வராட்டி நீ போக வேண்டியதில்லன்னு..."

கத்தினேன். ஏம்மா, யார்கிட்டயாவது காட்டியிருக்கக் கூடாதா? - யாரிடம் காட்டுவாள்? கேஸ் என்றால் லயம் முழுக்கப் பேசும்.

மார்ச் 21

வீரசிங்கத்தின் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்கினேன். நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன். ஆனால் லயத்து வாசலுக்குத் தபால் வேண்டும், எனக்கு மறு நேர்முகம் வேண்டும் என்று அங்கேயே புதிதாக எழுதிக் கொடுத்தேன். இதில் பொய் இல்லை.

ஏப்ரல் 9

முப்பத்தைந்து முடிந்தது. பதில் இல்லை.

மே 20

இன்றும் பெரட்டில்தான் கொடுத்திருக்கிறார்கள். அம்மா கூடையோடு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிவந்து பழுப்பு உறையை நீட்டினாள். "என்னவா இருந்தாலும் நீயே படி."

படித்தேன். வயதெல்லை கடந்துவிட்டதால் மறு நேர்முகத்துக்கு இடமில்லை. வாசலுக்குத் தபால் பற்றி ஒரு வரியும் இல்லை.

"கேஸா?" என்றாள்.

"இல்லம்மா. வேல இல்லையாம்."

அம்மா கூடையை இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். இரண்டு மாதத்தில் இன்றுதான் அவள் முகம் தெளிந்தது.

"அம்புட்டுத்தானே" என்றாள்.